அமெரிக்க வரி 66.5 சதவீதம்: ஆர்கானிக் உடை தைக்கும் சின்ன யூனிட் எதில் கை வைப்பது?

நொய்யல்கரை
30 ஆகஸ்ட் 2025, இரவு 10.42

வணக்கம். திருப்பூர் மங்கலம் ரோட்டுப் பக்கம் எங்கள் யூனிட். 14 மெஷின், 22 பேர். ஒன்பது வருடமாக ஆர்கானிக் பருத்தியில் மட்டும்தான் தைக்கிறோம். குழந்தை உடைகள், பெரியவர்களுக்கு டிஷர்ட். நூலுக்கு ஜிஓடிஎஸ் எனும் சர்வதேச ஆர்கானிக் துணிச் சான்று உண்டு. சாயம், கழிவுநீரை வெளியே விடாத ஜீரோ டிஸ்சார்ஜ் பட்டறையில்தான். பீஸ் ரேட் ஊரில் கொடுப்பதைவிடக் கூடுதல். வேலையில் பாதிக்கு மேல் அமெரிக்காவில் உள்ள இரண்டு சின்னக் கடைகளுக்குப் போகிறது.

நேற்று அதில் ஒரு கடையிலிருந்து மெயில் வந்தது. 15 சதவீதம் குறைத்துக் கொடுத்தால் வசந்தகால ஆர்டரைத் தொடரலாம், இல்லையென்றால் நிறுத்தி வைக்க வேண்டியிருக்கும் என்று. அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஒன்பது வருடத்தில் ஒரு தடவைகூடப் பணத்தை இழுத்தடித்தவர்கள் இல்லை.

ராத்திரி உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். எங்கள் டிஷர்ட் துறைமுகம் வரை 7 டாலர். பருத்தி பின்னல் டிஷர்ட்டுக்கு அமெரிக்காவில் வழக்கமான வரி 16.5 சதவீதம். ஆகஸ்ட் 7 முதல் அதன்மேல் 25 ஏறியது, 27 முதல் இன்னொரு 25. ஆக 66.5. முன்பு வரியோடு சேர்த்து 8.16 டாலருக்கு அவர்கள் கையில் கிடைத்த டிஷர்ட் இப்போது 11.66.

பக்கத்துக் கம்பெனியில் சாதாரணப் பருத்தியில் 3 டாலருக்கு ஒரு டிஷர்ட் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அது 3.50 இருந்தது, இப்போது 5 டாலர். இரண்டுக்கும் சதவீதம் ஒன்றுதான். ஆனால் அதற்கு ஏறியது ஒன்றரை டாலர், எங்களுக்கு ஏறியது மூன்றரை டாலர்.

அடுத்துச் செய்த கணக்குதான் என்னைத் தூங்கவிடவில்லை. ஒரு டிஷர்ட்டுக்குத் தையல், செக்கிங், அயர்ன், பேக்கிங் எல்லாம் சேர்த்து நாங்கள் கூலியாகக் கொடுப்பது 90 ரூபாய். ஊர் கணக்குப்படி 45 ரூபாயில் முடித்துவிடலாம். நாங்கள் கூடுதலாகக் கொடுக்கும் அந்த 45 ரூபாய்க்கு அமெரிக்கக் கஸ்டம்ஸில் வரி மட்டும் 30 ரூபாய். சாயத் தண்ணீரை நொய்யல் ஆற்றில் விடாமல் சுத்திகரிக்க ஆகும் செலவுக்கும் அதே விகிதத்தில் வரி. பூச்சிமருந்து அடிக்காத விவசாயிக்குக் கொடுக்கும் கூடுதல் விலைக்கும் வரி. ஆர்கானிக் என்பதற்காகத் தனி வரி விகிதம் எதுவும் கிடையாது. எதையெல்லாம் செய்ய வேண்டும் என்று இந்தக் கம்பெனியை ஆரம்பித்தேனோ அதெல்லாம் விலையில் இருக்கிறது. விலையில் இருப்பதால் வரியிலும் வந்து விழுகிறது.

15 சதவீதம் குறைத்தாலும் தீராது. 5.95-க்குக் கொடுத்தால் அங்கே 9.91 ஆகிறது. பழைய 8.16-க்கே இறங்க வேண்டுமானால் நான் 4.90-க்குக் கொடுக்க வேண்டும். அந்த விலைக்குத் துணியும் சாயமும் போக மிஞ்சுவதில் 22 பேருக்குச் சம்பளம் போட முடியாது.

இதே நிலையில் இருப்பவர்கள் சொல்லுங்கள். எதில் கை வைத்தீர்கள்?


பேட்லாக்
30 ஆகஸ்ட் 2025, இரவு 11.15

அக்கா, நான் கம்பெனி வைத்திருப்பவன் இல்லை. பேட்லாக் மெஷினில் தைக்கும் டைலர், 20 வருடம் ஆகிறது. ஒன்று சொல்கிறேன். டிஸ்கவுன்ட் என்று கம்பெனிக்காரர்கள் எப்போது பேச ஆரம்பித்தாலும் அது கடைசியில் பீஸ் ரேட்டில் வந்துதான் நிற்கும். நூல்காரர் குறைக்க மாட்டார், சாயப்பட்டறை குறைக்காது, கரண்ட் பில் குறையாது. குறைக்கச் சொன்னால் எதிர்த்துக் கேட்காத இடம் டைலர் டேபிள்தான். பீஸுக்கு 50 பைசா என்றால் கேட்பதற்குச் சின்னதாக இருக்கும். சனிக்கிழமை சம்பளத்தில் பார்த்தால் வீட்டு வாடகை இடிக்கும்.

நான் இருக்கும் கம்பெனியில் போன வாரத்திலிருந்து வாரம் நான்கு நாள்தான் வேலை. ஒடிசாப் பையன்கள் ஆறு பேர் தீபாவளிக்குப் போக வேண்டியவர்கள் இப்போதே கிளம்பிவிட்டார்கள்.

நீங்கள் கணக்கைத் திறந்து காட்டியிருக்கிறீர்கள். இதை அப்படியே உங்கள் டைலர்களிடமும் காட்டுங்கள்.


துறைமுகத்தான்
31 ஆகஸ்ட் 2025, காலை 7.30

தூத்துக்குடியில் கஸ்டம்ஸ் ஏஜென்டாக இருக்கிறேன். இரண்டு வாரமாக இதே கேள்விதான் தினமும்.

முதலில் அடிப்படை. சட்டப்படி இந்த வரியைக் கட்ட வேண்டியவர் அங்கே இறக்குமதி செய்பவர். நீங்கள் இல்லை. ‘டிடிபி’, அதாவது வரியையும் அனுப்புபவரே கட்டும் முறை, என்று ஒப்புக்கொண்டு அனுப்பினால் மட்டும்தான் அது உங்கள் தலையில். புது ஆர்டர் ஷீட்டில் அந்த மூன்று எழுத்து இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். போன வாரம் ஒருவர் பழைய விலைக்கு டிடிபி ஒப்புக்கொண்டுவிட்டு வந்து நின்றார்.

அப்புறம், உங்கள் சரக்கு ஏதாவது கடலில் இருக்கிறதா? ஆகஸ்ட் 7-க்கு முன்னால் கப்பலில் ஏறி, அக்டோபர் 5-க்கு முன்னால் அங்கே கிளியர் ஆனால் முதல் 25 வராது. ஆகஸ்ட் 27-க்கு முன்னால் ஏறி, செப்டம்பர் 17-க்கு முன்னால் கிளியர் ஆனால் இரண்டாவது 25 வராது. பில் ஆஃப் லேடிங்கில், அதாவது கப்பலில் ஏற்றியதற்கான ரசீதில், இருக்கும் தேதிதான் ஆதாரம். அதை இன்றே அவர்களுடைய புரோக்கருக்கு அனுப்பி வையுங்கள்.

சின்னதாக இன்னும் ஒன்று. அமெரிக்காவில் வரி போடும் மதிப்பில் கடல் சரக்குக் கட்டணமும் இன்சூரன்ஸும் சேராது, இன்வாய்ஸில் தனியாகக் காட்டியிருந்தால். பலர் எல்லாவற்றையும் ஒரே தொகையாக எழுதி அனுப்பி, கப்பல் வாடகைக்கும் சேர்த்து வரி கட்டவைக்கிறார்கள். வரி 16.5 ஆக இருந்தவரை யாரும் கவனிக்கவில்லை. இப்போது கவனித்தே ஆக வேண்டும்.


நொய்யல்கரை
31 ஆகஸ்ட் 2025, காலை 9.05

ரொம்ப நன்றி அண்ணா. ஒரு லாட் ஆகஸ்ட் 11-ம் தேதி ஏறியது, அமெரிக்கக் கிழக்குக் கரைக்கு. செப்டம்பர் இரண்டாவது வாரம் போய்ச் சேர வேண்டும். அப்படியானால் 41.5 தானே? பில் ஆஃப் லேடிங்கை இப்போதே அனுப்புகிறேன்.

பேட்லாக் தம்பி, நீங்கள் சொன்னது மனதில் தைத்தது. நாளைக்கே அவர்களோடு உட்காருகிறேன்.


புதுவரவு78
31 ஆகஸ்ட் 2025, பகல் 1.20

எல்லோரும் செய்வதைத்தான் சொல்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இன்வாய்ஸில் 4 டாலர் போடுங்கள், மிச்சம் 3 டாலரை டிசைன் சார்ஜ் என்று தனியாக வாங்கிக்கொள்ளுங்கள். இல்லையென்றால் துபாய் வழியாக அனுப்புங்கள். 22 குடும்பத்தைக் காப்பாற்றத்தானே.


துறைமுகத்தான்
31 ஆகஸ்ட் 2025, பகல் 2.10

வேண்டாம். தயவுசெய்து யாரும் இதைச் செய்ய வேண்டாம்.

துபாயில் இறக்கி ஏற்றினால் சரக்கு துபாய்ச் சரக்கு ஆகிவிடாது. தைத்த இடம் திருப்பூர் என்றால் இந்திய வரிதான். வரியைத் தவிர்க்க வேறு நாட்டு வழியாகத் திருப்பிவிட்டதாகக் கண்டுபிடித்தால் 40 சதவீதம் தண்டவரி என்று ஜூலை 31-ல் வந்த உத்தரவிலேயே இருக்கிறது. அபராதம் தனி.

மதிப்பைக் குறைத்து எழுதினால் மாட்டுவது அந்தச் சின்னக் கடைக்காரர். ஒன்பது வருடம் ஒழுங்காகப் பணம் கொடுத்தவருக்குச் செய்கிற காரியமா அது?


நொய்யல்கரை
31 ஆகஸ்ட் 2025, பகல் 2.25

புதுவரவு, நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறீர்கள் என்று தெரியும். ஆனால் எங்கள் உடையில் தொங்கும் அட்டையில் விவசாயிக்கு எவ்வளவு, துணிக்கு எவ்வளவு, டைலருக்கு எவ்வளவு என்று அச்சடித்திருக்கிறோம். அதே உடைக்கு இன்வாய்ஸில் வேறு விலை எழுத என்னால் முடியாது.


ஜெர்சிக் கடை
1 செப்டம்பர் 2025, காலை 6.50

நான் அந்தப் பக்கத்து ஆள். நியூஜெர்சியில் சின்னக் கடை, பாதி ஆன்லைன். திருப்பூர், ஈரோடு, ஜெய்ப்பூரிலிருந்து வாங்குகிறேன். தள்ளுபடி கேட்டு மெயில் அனுப்பியவர்களில் நானும் ஒருத்தி. அதனால் எங்கள் நிலைமையையும் சொல்லிவிடுகிறேன்.

2,000 டிஷர்ட், 7 டாலர் வீதம். 14,000 டாலர் சரக்கு. முன்பு இதற்கு வரி 2,310 டாலர். இப்போது 9,310. இந்தப் பணத்தை விற்ற பிறகு கட்டுவதில்லை. சரக்கு கிளியர் ஆன பத்து வேலை நாளுக்குள் கட்டியாக வேண்டும். ஒரு சட்டைகூட விற்காத நிலையில் 7,000 டாலர் கூடுதலாக எடுத்து வைக்க வேண்டும். பெரிய கடைகளுக்கு வங்கி இருக்கிறது. எனக்கு இருப்பது கிரெடிட் கார்டு. இறக்குமதி செய்பவர் வைத்திருக்க வேண்டிய கஸ்டம்ஸ் பாண்டும் (வரி கட்டுவதற்கான உத்தரவாதப் பத்திரம்) வருடத்துக்குக் கட்டும் வரியைப் பொறுத்தது. வரி ஏறினால் அந்தப் பாண்டையும் பெரிதாக்கச் சொல்வார்கள்.

பெரிய கடைகள் மூன்று நாட்டிலிருந்து வாங்குகின்றன. இந்தியாவில் 50 என்றால் பங்களாதேஷ், வியட்நாம் பக்கம் போய்விடும், அங்கே 20. நான் எங்கே போவேன்? எனக்குத் தெரிந்த டைலர்கள் திருப்பூரில்தான் இருக்கிறார்கள். வருடத்துக்கு ஒரு தடவை போய் அவர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வருகிறேன். இந்த நம்பிக்கையை இன்னொரு ஊரில் உண்டாக்க எனக்கு ஐந்து வருடம் ஆகும். நியாய வணிகம் என்பதே ஒருவரை ஒருவர் விட்டுவிடாமல் இருப்பதுதான் என்று நம்பி வந்தவள் நான். இந்த வரி, விட்டுவிட்டு ஓடுபவருக்கு வசதியாகவும் நிற்பவருக்குத் தண்டனையாகவும் இருக்கிறது.

என் வாடிக்கையாளர்கள் நல்லவர்கள். ஆனால் 32 டாலர் டிஷர்ட் 40 ஆனால் மூன்று வாங்குபவர் இரண்டு வாங்குவார். ஏப்ரலில் விலையைச் சற்று ஏற்றியபோதே அதைப் பார்த்தேன்.

நொய்யல்கரை அக்கா, சதவீதத் தள்ளுபடிக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். அது யார் கையிலிருந்து போகிறது என்று தெரியாமல் கரைந்துவிடும். அதற்குப் பதில் உங்கள் கடைக்காரரிடம் இவற்றைக் கேட்டுப் பாருங்கள். 12 டிசைனை 5 ஆக்கலாமா? நிறத்தை மூன்றாக்கினால் சாய லாட் பெரிதாகும், கழிவு குறையும். அட்டைப் பெட்டி, தொங்கு அட்டை, ரிப்பன் எல்லாம் இங்கே போட்டுக்கொள்கிறோம் என்றால் அந்தச் செலவு உங்கள் இன்வாய்ஸில் வராது, அதற்கு வரியும் இல்லை. பணம் முழுவதையும் ஷிப்மென்ட்டில் வாங்காமல் பாதியை 60 நாள் கழித்து வாங்கிக்கொண்டால், வரி கட்ட எனக்கு மூச்சுவிட நேரம் கிடைக்கும். எனக்கு இரண்டு டாலர் தள்ளுபடியைவிட அந்த 60 நாள் பெரிய உதவி.


பேட்லாக்
1 செப்டம்பர் 2025, இரவு 9.40

60 நாள் கழித்துப் பணம் என்றால் சனிக்கிழமை சம்பளத்தை யார் போடுவது? கடைக்கார அக்கா சொல்வது நியாயம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் இங்கே வாரச் சம்பளம். அந்தப் பாதிப் பணத்துக்கு வட்டி கட்டப்போவது நொய்யல்கரை அக்கா. அதையும் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்.


ஜெர்சிக் கடை
1 செப்டம்பர் 2025, இரவு 11.55

உண்மை. அந்த வட்டியைக் கடைக்காரர் ஏற்க வேண்டும், இன்வாய்ஸிலேயே போட்டு. நான் ஏற்கத் தயார். எனக்கு இங்கே கார்டுக்கு ஆகும் வட்டியில் பாதிகூட வராது அது.


கட்டுநாயக்க
3 செப்டம்பர் 2025, மாலை 5.15

இலங்கையிலிருந்து எழுதுகிறேன். கட்டுநாயக்க ஏற்றுமதி வலயத்திலே ஒரு ஆடைத் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டில் இருந்தேன், இப்போது நாங்கள் நாலு பேர் சேர்ந்து சிறிய தையலகம் நடத்துகிறோம்.

எங்களுக்கு ஏப்ரலில் 44 வீதம் என்று அறிவித்தபோது வலயம் முழுக்கச் செத்த வீடு மாதிரி இருந்தது. எங்கள் ஆடை ஏற்றுமதியில் ஏறத்தாழ 40 வீதம் அமெரிக்காவுக்குத்தான். பிறகு 30 ஆக்கினார்கள், ஆகஸ்டில் 20 ஆனது. ஆக, அதே பருத்தி டிஷர்ட்டுக்கு இங்கிருந்து போனால் 36.5, அங்கிருந்து போனால் 66.5.

போன கிழமை ஒரு கொள்வனவாளர் எங்களிடம் கேட்டார்: திருப்பூரில் பின்னிச் சாயம் போட்ட ஓர்கானிக் துணியை எடுத்து, இங்கே வெட்டித் தைத்துத் தருவீர்களா என்று. வெட்டித் தைக்கும் டிஷர்ட்டுக்குத் தைத்த நாடுதான் பிறப்பிட நாடு. எனவே அது முறையான ஓடர்தான், ஒளிப்பு மறைப்பு ஒன்றும் இல்லை. எங்களுக்கும் வேலை வேண்டும். ஆனால் அந்த மெயிலைப் படித்தபோது அது யாருடைய மேசையிலிருந்து எடுத்த வேலை என்று யோசித்தேன். இங்கே நொய்யல்கரை அக்கா எழுதியதைப் பார்த்ததும் அது இன்னும் கூடியது. அதனால்தான் இதைச் சொல்கிறேன். உங்கள் துணி தப்பிக்கும், நூற்பாலை தப்பிக்கும், சாயப்பட்டறை தப்பிக்கும். தையல் பிள்ளைகளுக்குத்தான் ஒன்றும் மிஞ்சாது.

நாங்கள் இன்னும் பதில் போடவில்லை.


நொய்யல்கரை
3 செப்டம்பர் 2025, இரவு 10.20

தம்பி, அந்த ஆர்டரை எடுத்துக்கொள்ளுங்கள். மனப்பூர்வமாகச் சொல்கிறேன். உங்கள் நாலு பேருக்கும் வீடு இருக்கிறது. இங்கிருந்து துணி வேண்டுமானால் எங்கள் நிட்டிங்காரரின் விவரம் தனிச்செய்தியில் அனுப்புகிறேன். நீங்கள் எடுக்கவில்லையென்றால் அந்த ஆர்டர் எங்களிடம் வரப்போவதில்லை, ஆர்கானிக்கே இல்லாத எங்கோ போகும். தைப்பவர்களுக்கு மட்டும் சரியான ரேட் போடுங்கள்.


தறிமேடை
6 செப்டம்பர் 2025, காலை 11.00

சென்னிமலை. நாங்கள் ஏற்றுமதி கம்பெனியெல்லாம் இல்லை. இயற்கைச் சாயக் கைத்தறிச் சட்டை, துண்டு, போர்வை. இணையத்தில் ஆர்டர் வரும், தபாலில் அனுப்புவோம். அமெரிக்காவுக்கு மாதம் 40, 50 பார்சல்.

800 டாலர் வரை உள்ள பார்சலுக்கு அங்கே வரி இல்லாமல் இருந்தது. 2016-ல்தான் 200-லிருந்து 800 ஆக்கினார்கள். எங்களைப் போன்றவர்கள் ஏஜென்ட் இல்லாமல், கன்டெய்னர் இல்லாமல், தறியிலிருந்து நேராக ஒருவர் வீட்டுக்கு அனுப்ப முடிந்ததே அதனால்தான். ஆகஸ்ட் 29 முதல் அது எல்லா நாட்டுக்கும் போய்விட்டது. அதற்கு முன்பே, ஆகஸ்ட் 25 முதல், நம் தபால்துறையும் அமெரிக்காவுக்குப் பார்சல் வாங்குவதை நிறுத்திவிட்டது. முதலில் கடிதமும் 100 டாலருக்குள் பரிசுப் பொருளும் மட்டும் வாங்கினார்கள், ஆகஸ்ட் கடைசியில் அதையும் நிறுத்திவிட்டார்கள்.

31 பார்சல் கட்டி வைத்தது வீட்டுத் திண்ணையில் இருக்கிறது. கூரியரில் அனுப்பினால் சட்டையின் விலையில் பாதி கூரியருக்கே போகிறது, அப்புறம் வரி. ஒருவர் பணம் கட்டிவிட்டு அவர் அம்மாவின் பிறந்த நாளுக்காகக் காத்திருக்கிறார்.

மலிவு உடையை மூட்டை மூட்டையாக வரியில்லாமல் அனுப்பிய பெரிய ஆன்லைன் கம்பெனிகளைத் தடுக்கத்தான் இது என்று சொன்னார்கள். அந்தக் காரணம் எனக்குப் புரிகிறது. ஐந்து டாலர் சட்டை அப்படி வந்து குவிவது நல்லதில்லைதான். ஆனால் அதே வாசலில்தான் நாங்களும் நின்றிருந்தோம்.


வேம்படி
7 செப்டம்பர் 2025, மாலை 4.30

எல்லோருடைய கஷ்டமும் புரிகிறது. ஆனால் ஒன்று கேட்க வேண்டும். சுற்றுச்சூழலுக்காக என்று சொல்லி ஒரு டிஷர்ட்டைக் கடல்தாண்டி அனுப்புவது சரியா? இங்கே இத்தனை கோடிப் பேர் இருக்கிறோமே, எங்களுக்கு ஏன் இந்த உடை கண்ணில் படுவதே இல்லை? நான் கோவையில் இருக்கிறேன். 50 கிலோமீட்டரில் தைக்கும் ஆர்கானிக் டிஷர்ட்டை இதுவரை ஒரு கடையில் தொட்டுப் பார்த்ததில்லை.


நொய்யல்கரை
14 செப்டம்பர் 2025, இரவு 9.30

வேம்படி, உங்கள் கேள்விக்கு ஒரு வாரமாக எனக்குள் பதில் தேடிக்கொண்டிருந்தேன். இரண்டு தடவை முயன்றிருக்கிறோம். 7 டாலர் என்றால் 616 ரூபாய். அதன்மேல் கடை வாடகை, கடைக்காரர் லாபம் எல்லாம் ஏறினால் 1,300-க்கு விற்க வேண்டும். கோவைக் கடைக்காரர்கள் 400 ரூபாய் டிஷர்ட் பக்கத்தில் இதை வைக்க மாட்டோம் என்றார்கள். 1,000 ரூபாய்க்கு மேல் போனால் ஜிஎஸ்டியும் 5-லிருந்து 12 ஆகிவிடும். யோசித்துப் பார்த்தால் அதுவும் இதே கதைதான், கூடுதலாகக் கொடுத்த கூலி விலையை ஏற்றி, ஏறிய விலை வரியை ஏற்றும். வருகிற 22-ம் தேதியிலிருந்து 2,500 ரூபாய் வரை 5 சதவீதம்தான் என்று மாற்றியிருக்கிறார்கள். எங்கள் குழந்தை செட் எல்லாம் அதற்குள் வந்துவிடும். இந்தத் தடவை கடை வழியாகப் போகாமல் யூனிட்டிலேயே மாதத்தில் இரண்டு ஞாயிறு விற்கப் போகிறோம், 950 ரூபாய்க்கு. வாருங்கள், தொட்டுப் பாருங்கள். தைப்பவர்களையும் பார்க்கலாம்.

ஆனால் இதனால் அமெரிக்க வேலையை ஈடுகட்ட முடியாது. 2,000 பீஸ் போகிற இடத்தில் 60, 70 பீஸ் விற்கும். அதைச் சொல்லாமல் விட்டால் பொய்யாகிவிடும்.

மற்றதையும் சொல்கிறேன். கடலில் இருந்த லாட் நேற்று கிளியர் ஆகிவிட்டது. 41.5 சதவீதம். நான்கு நாளில் தப்பித்தோம். தூத்துக்குடி அண்ணாவுக்கு என்ன சொல்லி நன்றி சொல்வதென்று தெரியவில்லை.

டைலர்களோடு உட்கார்ந்து பேசினேன். விலைத் தாளை அப்படியே மேஜையில் வைத்தேன். என் சம்பளம், வாடகை, லாபம் எல்லாம் தெரிகிற மாதிரி. முதலில் யாரும் பேசவில்லை. அப்புறம் செக்கிங் பார்க்கும் அக்கா ஒருவர், வயது 50-க்கு மேல் இருக்கும், கேட்டார்: “இந்தச் சாயத்துக்கு ஏம்மா இவ்வளவு?” 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது, அதன்பின் ஜீரோ டிஸ்சார்ஜ், அந்தச் செலவு என்று சொன்னேன். அவர் ஊர், நொய்யலில் வந்த சாயக் கழிவு தேங்கிய ஒரத்துப்பாளையம் அணைப் பக்கம். “அப்ப அதுல கை வைக்காதீங்க. எங்க கெணத்துத் தண்ணிய நான் பாத்தவ” என்றார்.

பீஸ் ரேட்டைத் தொடுவதில்லை என்று முடிவு. அவர்களே ஒரு யோசனை சொன்னார்கள்: டிசைன் 12-லிருந்து 5 ஆனால் மெஷின் செட்டிங் மாற்றும் நேரம் மிச்சமாகும், அதே ரேட்டில் ஒரு நாளைக்குக் கூடுதல் பீஸ் எடுக்கலாம் என்று. ஜெர்சிக் கடை அக்கா சொன்னதும் அதுதானே. என் லாபத்தை இந்த சீசனுக்கு விட்டுவிட்டேன். பெட்டியும் அட்டையும் அங்கேயே போட்டுக்கொள்வார்கள். எல்லாம் சேர்த்து 7 டாலர் 6.30 ஆனது. அங்கே 10.49. கடைக்காரர் அவர் பங்கில் கொஞ்சம் விடுகிறார், விலையைக் கொஞ்சம் ஏற்றுகிறார். 2,000-க்குப் பதில் 1,100 பீஸ் ஆர்டர்.

இன்னொரு கடை நிறுத்திவிட்டது. அவர்களால் முடியவில்லை என்று அழுதுகொண்டே பேசினார்கள்.


துறைமுகத்தான்
15 செப்டம்பர் 2025, காலை 8.00

ஆஸ்திரேலியாவைப் பாருங்கள் அம்மா. 2022 டிசம்பர் 29 முதல் ஒப்பந்தம் நடப்பில் இருக்கிறது, நம் உடைகளுக்கு அங்கே வரி பூஜ்யம். பிறப்பிடச் சான்று மட்டும் எடுக்க வேண்டும், அது பெரிய வேலை இல்லை. அவர்களுக்குக் கோடை வருவது நமக்கு மார்கழியில். உங்கள் மெஷின் சும்மா இருக்கும் மாதங்களில் அவர்கள் ஆர்டர் வரும். பிரிட்டன் ஒப்பந்தம் ஜூலை 24-ல் கையெழுத்தாகிவிட்டது, இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. வந்தால் உடைக்கு அங்கேயும் வரி இருக்காது. இப்போதே சாம்பிள் அனுப்பி வையுங்கள், சான்றிதழ் சரிபார்த்து ஆர்டர் வரவே ஆறு மாதம் ஆகும்.


புதுவரவு78
15 செப்டம்பர் 2025, காலை 10.45

பருத்தி இறக்குமதி வரி 11 சதவீதத்தை எடுத்துவிட்டார்களே, டிசம்பர் 31 வரை. அதில் நூல் விலை இறங்காதா?


நொய்யல்கரை
15 செப்டம்பர் 2025, பகல் 12.10

சாதாரண நூல் வாங்குபவர்களுக்குக் கொஞ்சம் உதவும். எங்கள் நூல் மத்தியப் பிரதேசத்து ஆர்கானிக் பருத்தி. இறக்குமதி ஆவதே இல்லை, அதனால் எங்களுக்கு எதுவும் இறங்கவில்லை. அந்த விவசாயிகளுக்குக் கொடுக்கும் விலையில் குறைக்கவும் மாட்டேன். தூத்துக்குடி அண்ணா, மெல்போர்னில் இரண்டு கடைக்கு எழுதியிருக்கிறேன்.


தறிமேடை
16 அக்டோபர் 2025, காலை 10.15

நேற்று முதல் அமெரிக்காவுக்கு மறுபடி தபால் பார்சல் எடுக்கிறார்கள். அனுப்பும்போதே வரியைக் கட்டிவிட வேண்டும், சொன்ன மதிப்பில் 50 சதவீதம் ஒரே விகிதமாக. தபாலில் போனால் பொருளுக்கென்று உள்ள வழக்கமான வரி அதன்மேல் சேராது. கூரியர், கன்டெய்னர் வழியில் போனால் அதுவும் சேரும். நொய்யல்கரை அக்கா, உங்கள் டிஷர்ட்டைத் தனித்தனியாக வாடிக்கையாளர் வீட்டுக்குத் தபாலில் அனுப்பினால் 66.5-க்குப் பதில் 50.

திண்ணையில் இருந்த 31 பார்சலில் 19 பேர் பணத்தைத் திருப்பிக் கேட்டுவிட்டார்கள், கொடுத்துவிட்டோம். 12 பேர் காத்திருந்தார்கள். வரியில் பாதியை நாங்கள் ஏற்றுக்கொள்கிறோம் என்று எழுதினேன். ஏழு பேர் வேண்டாம், முழுவதும் நாங்களே கட்டுகிறோம் என்று பதில் போட்டார்கள். அம்மாவின் பிறந்த நாள் போய்விட்டது, பரவாயில்லை அனுப்புங்கள் என்றார் அவர்.


நொய்யல்கரை
18 அக்டோபர் 2025, இரவு 11.30

தபால் விஷயம் மிகப் பெரிய உதவி தம்பி. திங்கட்கிழமை தீபாவளி. அது முடிந்ததும் உங்களிடம் பேசுகிறேன், பார்சலுக்கு என்ன படிவம், எப்படி எடை போடுவது என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

இன்று போனஸ் போட்டோம். போன வருடம் கொடுத்ததில் முக்கால்வாசிதான் முடிந்தது. மீதியைப் பொங்கலுக்குத் தருவதாகச் சொல்லி எல்லோருக்கும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். 22 பேரில் மூன்று பேர் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள், நான் அனுப்பவில்லை, வாரம் ஐந்து நாள் வேலை போதாமல் அவர்களாகப் போனார்கள். ஞாயிறு விற்பனையில் போன வாரம் 74 பீஸ். வேம்படி அவர் வீட்டு ஆட்களோடு வந்திருந்தார்.

மெல்போர்னில் ஒரு கடை 300 பீஸுக்குச் சாம்பிள் கேட்டிருக்கிறது. கட்டுநாயக்கத் தம்பி, உங்கள் ஆர்டர் என்ன ஆனது? துணி கிடைத்ததா?